ஒரு முழம் தண்ணீர்

ஜனவரி 9, புதன்

கப்பல் காலை ஏழரைக்குத் துறையில் சேர்ந்தது. ஆன்டெனா, ரிசீவர், முக்காலி, நான்கு பேட்டரி, நான். இந்த வரிசையில்தான் இறக்கினார்கள். பெட்டிகளின் மேல் 'கவனம்' என்று எழுதியிருக்கிறது. என் மேல் எழுதவில்லை.

நிக்கோபாரில் இந்தத் தீவுக்கு எனக்கு இது இரண்டாவது தடவை. போன ஜனவரியில் பத்து நாள் இருந்தேன். இந்த முறை மூன்று மாதம். வேலை அதேதான். ரப்பர் தோட்டத்து மேட்டில் பாறையில் பதித்த பித்தளைக் குமிழ் ஒன்று இருக்கிறது. அதற்கு நேர் மேலே முக்காலியை நிறுத்தி, அதன் தலையில் ஆன்டெனாவை வைத்து, செயற்கைக்கோள்களின் சமிக்ஞையைப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். குமிழ் போன வருடம் இருந்த இடத்திலிருந்து எத்தனை மில்லிமீட்டர் நகர்ந்தது, ஏறியதா இறங்கியதா என்று தலைமையகத்தில் கணக்குப் போடுவார்கள். முப்பது வருடமாக இதுதான் பிழைப்பு. "பூமி அங்கயேதானடே கிடக்கு, அதை என்னத்த அளக்க?" என்று நாசரேத்தில் அண்ணன் இன்னமும் கேட்கிறார். அண்ணனுக்குப் பதில் சொல்லிப் புரியவைக்கிற ஆசையை நான் விட்டுப் பத்து வருடமாகிறது.

தோட்டத் தொழிலாளர்களுக்குக் கட்டிய வரிசை வீடுகளான அதே லயம், அதே அறை. பக்கத்து வீட்டில் அதே மருதாயிக்கா. சிறுமியாக இருந்தபோது இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து பெற்றோருடன் கப்பலேறி, சர்க்கார் அனுப்பிய இந்தத் தீவில் வந்து இறங்கியவர். ரப்பர் மரத்தில் நாற்பது வருடம் பால் வெட்டினார். இப்போது தோட்டம் மூடிக் கிடக்கிறது. ஒவ்வொரு குடும்பமாகக் கிளம்பிப் போய், லயத்தில் அடுப்புப் புகைகிற வீடு அவருடையது ஒன்றுதான். என்னைப் பார்த்ததும் இடுப்பில் கை வைத்துக்கொண்டு சிரித்தார்.

"அட, பூமி தொரை! போன வருசம் நீங்க வெச்சிட்டுப் போன பூமி அப்பிடியே கெடக்குதுங்க. யாரும் தூக்கிட்டுப் போகல."

சாயங்காலம் ரொட்டியும் தேங்காய்ச் சம்பலும் வந்தன.

ஜனவரி 11, வெள்ளி

முக்காலியை நிறுத்த இரண்டே முக்கால் மணி நேரம். குமிழின் நடுவில் உள்ள புள்ளிக்கு மயிரிழை பிசகாமல் ஆன்டெனா நிற்க வேண்டும். நான் அப்படித்தான் நிறுத்துவேன். இந்த விஷயத்தில் என்னை யாரும் குறை சொன்னதில்லை.

பிறகு உயரம். ஆன்டெனாவின் விளிம்பிலிருந்து குமிழ் வரை டேப்பைச் சாய்வாகப் பிடித்து, மூன்று பக்கமும் அளந்து, சராசரியை 'சாய்வு' என்ற கட்டத்தில் எழுத வேண்டும். பக்கத்தில் 'நேர்' என்று இன்னொரு கட்டம் இருக்கிறது. அது கோல் வைத்து ஒரே அளவாக அளப்பவர்களுக்கு. என்னிடம் டேப்தான்.

அரை கிலோ துவரம்பருப்பு, உப்பு, தீப்பெட்டி வாங்கினேன். கடைக்காரருக்கு இந்தி. மருத்துவமனை சிஸ்டருக்கு மலையாளம். இந்தக் கரையில் என்னுடன் தமிழ் பேசுவதற்கு ஒரு ஆள்தான்.

ஜனவரி 15, செவ்வாய்

பொங்கல். மருதாயிக்கா கூப்பிட்டார். வெல்லம் போதவில்லை என்று நாலு தடவை வருத்தப்பட்டார். போதும் என்று நாலு தடவை சொன்னேன்.

சாப்பிட்ட பிறகு கேட்டார். "ஏன் சார், சுனாமி அன்னைக்குக் கடலு மேல வந்துச்சுன்னுதான் எல்லாரும் சொல்றாங்க. நெலம் எறங்கிருச்சுன்னு நீங்க மட்டும் சொல்றீங்க?"

சொன்னேன். நமக்கு மேற்கே கடலடியில் நீளமாக ஒரு பள்ளம் இருக்கிறது. இந்தியாவின் பக்கத்துப் பூமித்தட்டு அங்கேதான் நம் தட்டுக்கு அடியில் நுழைந்து இறங்குகிறது. வருடத்துக்கு ஓரிரு அங்குலம். வழுக்கிக்கொண்டு போனால் தொந்தரவு இல்லை. ஆனால் இரண்டும் ஒட்டிக்கொள்கின்றன. கீழே போவது மேலே இருப்பதன் விளிம்பையும் பிடித்து இழுத்துக்கொண்டு போகிறது. விளிம்பு கீழே வளைய வளைய, அதற்குப் பின்னால் இருக்கிற பாகம் மேலே புடைக்கும். நூற்றுக்கணக்கான வருடம் இப்படியே போகும். ஒரு நாள் பிடி விட்டுவிடும். விளிம்பு துள்ளி எழும், புடைத்திருந்த பாகம் பொத்தென்று தணியும். பதினாலு வருடத்துக்கு முன் நம் தீவு இருந்தது அந்தப் புடைத்த பாகத்தில்.

மருதாயிக்கா ஒரு உள்ளங்கையை இன்னொன்றின் மேல் வைத்துக் காட்டினார். "நம்ம ரப்பர் ஷீட்டு மாதிரிதாங்க. ஈரத்தோட அடுக்கி வெச்சோம்னா ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும். அடியில உள்ளத இழுத்தா மேல உள்ளதும் சுருங்கிக்கிட்டே வரும். பட்டுன்னு விட்டுச்சுன்னா கையே ஆடிப்போயிரும்." முப்பது வருடத்தில் நான் கேட்ட நல்ல விளக்கம் இதுதான். என் அதிகாரிகள் இதற்குப் பதினாறு படம் போட்டுக் காட்டுவார்கள்.

"அடியில போனது எங்கதான் சார் போகும்?"

"உள்ளதான். நூத்துக்கணக்கான கிலோமீட்டர் ஆழத்துக்கு."

"திரும்பி வராதா?"

"அது வராது. மேல உள்ள நிலம் வரும். தணிஞ்சது கொஞ்சங் கொஞ்சமா திரும்ப ஏறும்."

"எவ்வளவு ஏறும்?" என்று உடனே கேட்டார். அதை அளக்கத்தான் வந்திருக்கிறேன் என்றேன்.

அப்புறம்தான் காரணத்தைச் சொன்னார். அவருடைய வீட்டுக்காரர் சுனாமியில் போனவர், உடல் கிடைக்கவில்லை. அதற்கு ஐந்து வருடம் முன்பு ஏழு வயது மகள் மேனகா மலேரியாவில் இறந்து, கரையோரத் தென்னந்தோப்பில் புதைக்கப்பட்டாள். அன்று நிலம் தணிந்ததும் தோப்பு கடலுக்குள் போய்விட்டது. தலைமாட்டில் வைத்த சிமெண்டுக் கல் மட்டும் பெயராமல் அங்கேயே நிற்கிறது. அமாவாசையன்று தண்ணீர் நன்றாக வற்றும்போது போய் நின்றால் முழங்கால் வரை தண்ணீர்.

"எனக்குன்னு உள்ள ஒரே குழி அதுதாங்க. ஒரு நா, ஒரே ஒரு நா, காஞ்ச மண்ணுல ஒக்காந்து அவளுக்கு ஒரு வெளக்கு வெச்சிட்டேன்னா போதும். தர்மலிங்கம் கூப்புட்ட எடத்துக்குப் போயிருவேன்."

தர்மலிங்கம் மகன். கூடலூரில் மனைவி பிள்ளைகளோடு இருக்கிறான். இரண்டு வருடமாக வரச்சொல்லிக் கெஞ்சுகிறான். இங்கே வீட்டைக் காலி செய்தால் திரும்பக் கிடைக்காது. வெளியாள் இந்தத் தீவுக்குள் வரவும் அனுமதி வாங்க வேண்டும். போனால் போனதுதான்.

ஜனவரி 22, செவ்வாய்

தலைமையகத்திலிருந்து போன். முதல் பத்து நாள் தரவைப் போன வருடத்துடன் ஒப்பிட்டார்களாம். குமிழ் இருபத்தைந்து மில்லிமீட்டர் மேலே ஏறியிருக்கிறது! எல்லோருக்கும் உற்சாகம். "அருமைநாயகம் சார், அபாரமான ரிசல்ட்" என்றார் விஞ்ஞானி. நான் வெறும் முக்காலிக்காரன், ஆனாலும் சந்தோஷமாக இருந்தது.

மேட்டிலிருந்து நேராக லயத்துக்குப் போய் மருதாயிக்காவிடம் சொன்னேன். வருடத்துக்கு இரண்டரை சென்டிமீட்டர். அவர் விரலை மடக்கத் தொடங்கினார். நான் முந்திக்கொண்டு கணக்குப் போட்டுக் கொடுத்தேன். முழங்கால் வரை தண்ணீர் என்றால் ஒரு முழம், நாற்பத்தைந்து சென்டிமீட்டர். அதை இரண்டரையால் வகுத்தால் பதினெட்டு.

"பதினெட்டு வருசம்," என்றார். "எனக்கு இப்ப அம்பத்தாறு. எழுவத்துநாலு. எங்க அம்மா எழுவத்தொம்பது வரைக்கும் கெட்டியா இருந்துச்சுங்க. இருந்துருவேன் சார். இருந்து பாத்துருவேன்."

அழுதுவிடுவார் போலிருந்தது. அழவில்லை.

ஜனவரி 24, வியாழன்

ஒரு எவர்சில்வர் டம்ளர் வாங்கினேன். என்னிடம் ஏற்கெனவே ஒன்று இருக்கிறது. தொலைந்தால் உதவும்.

மருதாயிக்காவின் வலது பாதத்தில் சிப்பி ஏதோ கிழித்திருக்கிறது. எப்போது கிழித்தது என்று அவருக்கே தெரியவில்லை. தரையில் ரத்தத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டாராம். சர்க்கரை இருக்கிறவர். என் பெட்டியிலிருந்து மருந்தும் பஞ்சும் கொடுத்தேன்.

ஜனவரி 28, திங்கள்

நாலு மணிக்கு டீ. இரண்டு டம்ளரும் பயன்படுகின்றன.

ஜனவரி 31, வியாழன்

தலைமையகத்திலிருந்து மறுபடியும் போன். கமோர்ட்டாத் தீவில் வேறொரு குழு வைத்த கருவி, வருடத்துக்கு ஐந்து மில்லிமீட்டர்தான் காட்டுகிறதாம். பக்கத்துத் தீவு ஐந்து ஏறும்போது இது மட்டும் இருபத்தைந்து ஏறுமா? "உங்க போன வருஷத்துத் தாளை ஒரு பார்வை பார்த்துடுங்க சார், ஒண்ணுமிருக்காது" என்றார். கோபம் வந்தது. முப்பது வருடத்தில் என் தாளை யாரும் பார்க்கச் சொன்னதில்லை.

பார்த்தேன். போன ஜனவரித் தாளில் மூன்று அளவும் இருக்கின்றன. என் கையெழுத்துதான். சராசரி சரி. அதை எழுதியிருப்பது 'நேர்' கட்டத்தில்.

சாய்வாக அளந்ததை நேர் உயரம் என்று எழுதியிருக்கிறேன். சாய்வு எப்போதும் கொஞ்சம் நீளம். அதனால் போன வருடக் கணக்கில் ஆன்டெனா இருந்ததைவிட உயரத்தில் நின்றதாகவும், குமிழ் இருந்ததைவிடப் பள்ளத்தில் கிடந்ததாகவும் ஆகிவிட்டது. இரண்டு சென்டிமீட்டர் பள்ளம். இந்த வருடம் சரியாக எழுதியதும் அந்த இரண்டு சென்டிமீட்டரும் ஏற்றமாகத் தெரிகின்றன.

மீதி ஐந்து மில்லிமீட்டர். நாற்பத்தைந்தை அரையால் வகுத்தால் தொண்ணூறு.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் பையன்கள் செய்கிற தப்பு. இரண்டு பேரை இதற்காக நானே திட்டியிருக்கிறேன்.

பிப்ரவரி 1, வெள்ளி

பேட்டரி மாற்றினேன். மழை இல்லை.

இன்னொரு முறை சரிபார்த்துவிட்டுச் சொல்வதுதான் முறை. அவசரப்பட்டு ஒரு கணக்கைச் சொல்லி, அதை மாற்றிச் சொல்லி, மறுபடி மாற்றிச் சொன்னால் நன்றாக இருக்காது. தலைமையகத்துக்கும் 'பார்த்துக்கொண்டிருக்கிறேன்' என்றுதான் சொல்லியிருக்கிறேன்.

பிப்ரவரி 2, சனி

கப்பல் வந்தது. தர்மலிங்கம் போனில் அம்மாவை இந்தக் கப்பலிலேயே கிளம்பச் சொல்லியிருக்கிறான். அவர் மேட்டில் நின்று பதில் சொன்னபோது நான் பக்கத்தில்தான் இருந்தேன். "பூமி தொரை கணக்குப் பாத்துச் சொல்லிட்டாரு தம்பி. பதினெட்டு வருசம். நான் எங்கயும் வரல."

நாளைக்கு மறுநாள் தை அமாவாசை. அதற்கு முன்னால் இதைப் போய்ச் சொல்வது மனிதத்தன்மை இல்லை.

பிப்ரவரி 4, திங்கள்

மூன்றரை மணிக்கு மருதாயிக்காவோடு கரைக்குப் போனேன். தண்ணீர் நன்றாக உள்வாங்கியிருந்தது. செத்த தென்னைகள் தலையில்லாமல் கடலுக்குள் நிற்கின்றன. அவற்றுக்கு நடுவே நாற்பது ஐம்பது அடி நடந்தால் அந்தக் கல். மேல்முனை மட்டும் வெளியே தெரிகிறது. பெயரை வீட்டுக்காரர் ஆணியால் கீறியிருந்தாராம். இப்போது பாசிதான் இருக்கிறது.

பாதத்தில் கட்டோடு தண்ணீரில் இறங்கினார். கட்டு நனையுமே என்றேன். "நனஞ்சா காயும்" என்றார். கல்லுக்குப் பக்கத்தில் போய் நேராக நின்று, சேலையைத் தூக்கிப் பிடித்து, தண்ணீர் தொடுகிற இடத்தில் விரலை வைத்தார். முழங்காலுக்கு நாலு விரல் கீழே.

"சார், பாத்தீங்களா! போன தைக்கு முட்டிக்கு மேல நின்னுச்சு. நீங்க சொன்னது சரிதாங்க! வந்துக்கிட்டிருக்கா!"

காற்று கிழக்கிலிருந்து கடலைப் பார்த்து வீசியது. அப்படி வீசினால் இந்தக் கரையில் தண்ணீர் இன்னும் கொஞ்சம் இறங்கும். போன தையன்று மேற்குக் காற்றாக இருந்திருக்கும். ஒரு நாள் அளவை வைத்து எதையும் சொல்ல முடியாது. இது அரிச்சுவடி.

"ஆமாக்கா" என்றேன்.

பூவையும் எள்ளையும் தண்ணீரில் விட்டார். மகளிடம் என்னைக் காட்டி, "இவருதாண்டி" என்றார்.

பிப்ரவரி 5, செவ்வாய்

தலைவலி. சமைக்கவில்லை.

பிப்ரவரி 9, சனி

மருதாயிக்கா கம்பு ஊன்றி நடக்கிறார். கட்டைப் பிரித்தபோது வாடை அடித்தது, ஈ வந்து உட்கார்ந்தது. வலிக்கிறதா என்று கேட்டேன். துளி வலி இல்லை என்றார். வலி இல்லையென்றால் பெரிதாக ஒன்றும் இருக்காது.

நாலு மணிக்கு டீ. அவருடைய சிறு வயது தேயிலைத் தோட்டத்தைப் பற்றி, கொழுந்துக் கூடையில் கல்லைப் போட்டு எடையைக் கூட்டிக் கங்காணியை ஏமாற்றிய கதையைச் சொன்னார். அடிவயிறு வலிக்கச் சிரித்தேன். கடைசியாக எப்போது அப்படிச் சிரித்தேன் என்று நினைத்துப் பார்த்தேன். நினைவில்லை.

பிப்ரவரி 13, புதன்

மருத்துவமனை சிஸ்டர் லயத்துக்கே வந்துவிட்டார். என்னை வெளியே கூப்பிட்டுத் தன் மலையாளத் தமிழில் சொன்னார்: "சாரே, அந்தக் காலு மோசமாணு. இங்க ஒண்ணும் செய்யான் முடியில்லா. நாளைக்குக் கப்பல்ல போர்ட் பிளேர் போகணும். நான் பறஞ்சா கேக்குன்னில்லா. அங்க போனா மகன் வந்து கூட்டிக்கொண்டு போகும், அதான் பயம். நீங்க சொன்னா அவங்க கேக்கும்."

சொல்கிறேன் என்றேன்.

சாயங்காலம் போனேன். மருதாயிக்கா வாசலில் உட்கார்ந்து தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். நாளைக்குச் சம்பல் பச்சை மிளகாயில் அரைக்கட்டுமா, காய்ந்த மிளகாயில் அரைக்கட்டுமா என்று கேட்டார்.

காய்ந்த மிளகாய் என்றேன்.

பிப்ரவரி 14, வியாழன்

கப்பல் வந்தது, போனது. பேட்டரி 12.4 வோல்ட்.

பிப்ரவரி 17, ஞாயிறு

காலை பத்தே காலுக்கு லேசான நடுக்கம். பாத்திரங்கள் கிலுகிலுத்தன, அவ்வளவுதான். வெளியே ஓடினேன். மருதாயிக்கா கட்டிலைவிட்டு எழுந்திருக்கவில்லை.

"ஓடலையாக்கா?"

"எங்க ஓட? அடியில உள்ளது கொஞ்சம் எறங்கியிருக்கும். எறங்கட்டும். அது எறங்குனாத்தான நம்ம ஏறுவோம்?" என்று சிரித்தார். நெற்றியில் கை வைத்துப் பார்த்தேன். கொதித்தது.

கீழே போவது சத்தம் போடாது. வருடக்கணக்கில் போய்க்கொண்டே இருக்கும், மேலே இருக்கிறவர்கள் டீ குடித்துக்கொண்டிருப்பார்கள். கருவி இல்லையென்றால் யாருக்கும் தெரியாது. எனக்குக் கருவி இருந்தது.

பிப்ரவரி 20, புதன்

சுண்டுவிரலும் அடுத்த விரலும் கறுத்துவிட்டன.

பிப்ரவரி 21, வியாழன்

சொல்லிவிட்டேன். நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

காலையில் ஏழு மணிக்குப் போனேன். போன வருடத்துத் தாளைக் கையில் கொண்டுபோனேன். அவருக்கு எழுத்து தெரியும், ஆனால் இந்தக் கட்டங்கள் தெரியாது. எதற்குக் கொண்டுபோனேனோ. கட்டில் விளிம்பில் உட்கார்ந்து சொன்னேன். போன தடவை நான் அளவைத் தப்பான கட்டத்தில் எழுதிவிட்டேன், நிலம் அவ்வளவு வேகமாக ஏறவில்லை, வருடத்துக்கு அரை சென்டிமீட்டர்தான்.

"அப்ப எத்தன வருசம்?"

"தொண்ணூறுக்கா."

அவர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். தொண்ணூறை மடக்க விரல் போதாது, மடக்கவும் இல்லை.

"என் காலத்துல இல்ல."

"இல்ல."

"தர்மலிங்கம் காலத்துலயும் இல்ல."

"இல்லக்கா."

வெளியே கோழி ஒன்று கத்திக்கொண்டே இருந்தது. அதை விரட்டலாமா என்று எழுந்தேன். அப்போது கேட்டார்.

"இது ஒங்களுக்கு எப்ப சார் தெரிஞ்சுச்சு?"

நேற்று என்று சொல்லியிருக்கலாம். அந்த வார்த்தை வாய் வரைக்கும் வந்தது.

"முப்பத்தொண்ணாம் தேதி."

"போன மாசமா?"

"ஆமா."

"அமாவாசைக்கு முன்னாடி."

"ஆமா."

"அப்ப தண்ணிக்குள்ள எம்பக்கத்துல நின்னப்ப ஒங்களுக்குத் தெரியும்."

"தெரியும்க்கா."

"மேனகாகிட்ட ஒங்களக் காட்டினேன்."

ஏன் மறைத்தீர்கள் என்று கேட்பார் என்று காத்திருந்தேன். கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று தெரியவில்லை. அவர் கேட்கவே இல்லை. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

"சிஸ்டர வரச் சொல்லுங்க. எப்ப கப்பல்னு கேளுங்க."

அடுத்த கப்பல் இருபத்தைந்தாம் தேதி. நான் வாயை மூடிக்கொண்டிருந்த நாட்களில் இரண்டு கப்பல் போயிருக்கின்றன.

பிப்ரவரி 22, வெள்ளி

தலைமையகத்துக்கு எழுதி அனுப்பினேன்: போன வருடம் உயரம் தவறான கட்டத்தில் பதியப்பட்டது, தவறு என்னுடையது, கண்டுபிடித்த தேதி ஜனவரி 31. ஒரு மணி நேரத்தில் பதில் வந்தது. 'பரவாயில்லை சார், இதெல்லாம் நடக்கிறதுதான். திருத்திவிட்டோம்.' அங்கே ஒரு எண்ணை அழித்து இன்னொரு எண்ணை எழுதியதோடு முடிந்துவிட்டது.

ஹெலிகாப்டருக்குச் சிஸ்டர் இரண்டு நாளாக முயற்சி செய்கிறார். இடம் இல்லை என்கிறார்கள்.

கஞ்சி வைத்துக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார். என்னிடம் பேசவில்லை. சிஸ்டரிடம் பேசுகிறார்.

பிப்ரவரி 25, திங்கள்

நாற்காலியில் உட்காரவைத்து நாலு பேராகக் கப்பலுக்குத் தூக்கிப் போனோம். முன்பக்கம் நாற்காலியின் இடது காலை நான் பிடித்திருந்தேன். என் கைக்கும் அவர் முகத்துக்கும் ஒரு சாண்தான் இடைவெளி. துறை வரைக்கும் கடலையே பார்த்துக்கொண்டு வந்தார்.

வீட்டுச் சாவியைச் சிஸ்டரிடம் கொடுத்தார்.

பிப்ரவரி 28, வியாழன்

தரவுச் சேகரிப்பு ஒழுங்காக நடக்கிறது. நாலு மணிக்கு டீ போட்டேன். பழக்கத்தில் இரண்டு பேருக்குப் போட்டுவிட்டேன். இரண்டையும் நானே குடித்தேன்.

தனியாக இருக்கிறது. பாலைவனத்தில் ஒரு மாதம் கூடாரம் அடித்து இருந்திருக்கிறேன், இமயமலையில் பனிக்குள் இருந்திருக்கிறேன். முப்பது வருடக் குறிப்பேடுகளில் எங்கேயும் இந்த வார்த்தையை எழுதியதில்லை. அப்போதெல்லாம் தனியாக இருந்தேனா இல்லையா என்றே எனக்குத் தெரிந்ததில்லை. ஒரு மாதம் பக்கத்து வீட்டில் ஒரு ஆள் இருந்து பழகியபின் இப்போது தெரிகிறது.

மார்ச் 2, சனி

சிஸ்டருக்குத் தகவல் வந்திருக்கிறது. நேற்று முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். கூடலூரிலிருந்து மகன் வந்துவிட்டான். பத்து நாள் முன்னால் வந்திருந்தால் இரண்டு விரலோடு போயிருக்குமாம். சிஸ்டர் என்னைக் குற்றம் சொல்லவில்லை. அவர் கோபம் மருதாயிக்காவின் பிடிவாதத்தின் மேல். நான் திருத்தினேன். பிடிவாதம் இல்லை சிஸ்டர், என் கணக்கு என்றேன். அவருக்குப் புரியவில்லை. மறுபடி, மெதுவாக, முழுக்கச் சொன்னேன். புரிந்ததும் அவர் முகம் மாறியது. ஊசிகளை எண்ணப் போய்விட்டார்.

மார்ச் 6, புதன்

அமாவாசை. கரைக்குப் போகவில்லை. எனக்கு அங்கே என்ன உரிமை?

மார்ச் 8, வெள்ளி

மத்தியானம் மேட்டில் பேட்டரி மாற்றிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. சிக்னல் கிடைக்கிற ஒரே இடம் அந்த மேடுதான். தர்மலிங்கம்.

அம்மா தேறிவருகிறார் என்றான். அடுத்த வாரம் சென்னை, அங்கிருந்து கூடலூர். நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். "அதெல்லாம் அப்புறம் சார்" என்றான். குரலில் மரியாதை இருந்தது, வேறொன்றும் இல்லை.

"அம்மா ஒண்ணே ஒண்ணு கேக்கச் சொல்றாங்க."

"கேளுங்க."

"ரெண்டாவது ஒரு கணக்கு சொன்னீங்களாமே, தொண்ணூறு வருசம்னு. அதாச்சும் சரியான்னு கேக்குறாங்க."

"சரிதான்."

போனைக் கையால் மூடிக்கொண்டு பேசுகிற சத்தம். பிறகு அவன் குரல். "அத எப்பிடி நம்புறதுன்னு கேக்குறாங்க சார்."

கமோர்ட்டாவில் வைத்த கருவியும் அதையே காட்டுகிறது என்று சொல்லியிருக்கலாம். தாளைத் திருத்தியாயிற்று, தலைமையகம் ஒப்புக்கொண்டது என்று சொல்லியிருக்கலாம். எல்லாம் உண்மை. இதே மாதிரி உண்மையான குரலில்தான் பதினெட்டையும் சொன்னேன்.

"அதைச் சொல்ல எனக்கு இஷ்டமே இல்லைன்னு சொல்லுங்க தம்பி," என்றேன். "சொன்னா அவங்க போயிருவாங்க, எனக்குப் பேச ஆள் இருக்காது. அதுக்காகத்தான் மூணு வாரம் வாயை மூடிக்கிட்டு இருந்தேன். இஷ்டமில்லாமச் சொன்னது. அதனால அது சரியாத்தான் இருக்கும்."

தர்மலிங்கம் நான் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல், என் குரலைப் போலவே, அம்மாவிடம் சொன்னான். அது எனக்கும் கேட்டது.

போன் கை மாறியது. மூச்சு கேட்டது. அது மகனுடைய மூச்சு இல்லை. பின்னால் மின்விசிறி சுற்றுகிற சத்தம், யாரோ பாத்திரம் கழுவுகிற சத்தம். அவர் பேசவில்லை. நானும் பேசவில்லை. ஆனால் அவர் போனை வைக்கவில்லை. முக்காலிக்குப் பக்கத்தில் பாறை மேல் உட்கார்ந்து, போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தேன். பதினோரு நிமிடம் கழித்துச் சிக்னல் போய் இணைப்பு தானாக அறுந்தது.